மலையில் வானிலை ஆப்: போனுக்கும் வாட்சுக்கும் சரியானதைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சமவெளியில் எந்த வானிலை ஆப்பைப் போட்டாலும் பெரிய தப்பு வராது. நீலகிரியிலும் பழனி மலையிலும் அப்படி இல்லை. ஒரு சரிவில் மழை கொட்டும், அடுத்த சரிவில் துணி காயும். "அண்ணே, போன்ல மழைன்னு காட்டுது, இங்க வெயில் அடிக்குது, இந்த ஆப்பே வேஸ்ட்" என்பவர்களின் போனை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் குறை ஆப்பில் இருக்காது. அதில் போட்டிருக்கும் இடம் தப்பாக இருக்கும், அல்லது உயரம் தப்பாக இருக்கும்.

புதியவர்கள் முதலில் வாட்ச் வாங்குகிறார்கள். அதில் தெரியும் வானிலையை நம்புகிறார்கள். ஒத்துவரவில்லை என்றதும் ஆப்பை மாற்றிக்கொண்டே போகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் இடமும் உயரமும், அடுத்து உங்கள் தேவை, அதற்குப் பிறகு ஆப், கடைசியில்தான் வாட்ச். முந்தைய படி சரியாக இல்லாவிட்டால் அடுத்த படியில் கிடைக்கும் முடிவு எதற்கும் உதவாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் வீடு அல்லது தோட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ஐபோனில் திசைகாட்டி ஆப்பே உயரத்தைக் காட்டும். ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ் அளவைக் காட்டும் இலவச ஆப் ஒன்று போதும். வெட்டவெளியில் ஐந்து நிமிடம் நின்று, எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். மலை ரயில் பாதை ஓரம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நிலையப் பெயர்ப்பலகையிலேயே உயரம் எழுதியிருக்கும். அங்கிருந்து ஏற்றமா இறக்கமா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்து ஒரு வெப்பமானி. அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வகை நல்லது. அதை நிழலில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்று படும்படி வையுங்கள். சுவரை ஒட்டியோ தகரக் கூரைக்குக் கீழேயோ மாட்டினால், சுவரும் தகரமும் விடும் சூட்டைத்தான் அளப்பீர்கள்.

மழையை அளக்க, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள பாத்திரம் எதுவும் ஆகும். உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்தால் 12 மி.மீ. ஆழம் என்றால் 12 மி.மீ. மழை. பாத்திரத்தின் அகலம் எவ்வளவு என்பது கணக்கில் வராது. ஆனால் வைக்கும் இடம் வரும். கூரை விளிம்பிலிருந்து சொட்டும் இடத்திலோ சில்வர் ஓக் மரத்தடியிலோ வைக்காதீர்கள்.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். எந்த ஆப் சரி என்று சொல்ல வேண்டியது உங்கள் முற்றம். பிளே ஸ்டோரில் இருக்கும் நட்சத்திரங்கள் டெல்லியிலும் லண்டனிலும் இருப்பவர்கள் போட்டவை.

2. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"வானிலை தெரியணும்" என்பது போதாது. நாளை காலை மருந்து அடிக்கலாமா என்று கேட்கும் தேயிலை விவசாயிக்கு, அடுத்த சில மணி நேரம் மழை இல்லாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. ஜனவரியில் கேரட், உருளைக்கிழங்கு போட்டிருப்பவருக்கு உறைபனி விழுமா என்பது. இரவில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி ஓட்டுபவருக்குக் கனமழை எச்சரிக்கையும் மேகமூட்டமும். தங்கும் விடுதி நடத்துபவருக்கு வார இறுதியில் வெயில் அடிக்குமா என்பது.

உங்களுக்கு முக்கியமான இரண்டு கேள்விகளை மட்டும் எழுதுங்கள். ஆப்களைச் சோதிக்கும்போது அந்த இரண்டை மட்டும் சோதியுங்கள். மழையை மணிக்கணக்கில் நன்றாகச் சொல்லும் ஆப், உறைபனியில் கோட்டை விடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே ஆப் என்று தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

3. ஊர்ப் பெயரைத் தட்டாதீர்கள், வரைபடத்தில் புள்ளி வையுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரை அடித்து, முதலில் வருவதைத் தொட்டுவிடுகிறார்கள். கூடலூர் என்றால் நீலகிரியிலும் உண்டு, தேனி மாவட்டத்திலும் உண்டு. மஞ்சூர் என்றால் குந்தா பக்கத்து மஞ்சூரும் வரலாம், கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்து மஞ்சூரும் வரலாம். பழனி என்று அடித்தால் மலையடிவாரத்துக் கோயில் நகரம் வரும். அந்தச் சூட்டுக்கும் கொடைக்கானல் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. ஊட்டியை உதகமண்டலம் என்றும் பழைய ஆங்கிலப் பெயரிலும் வைத்திருக்கும் ஆப்கள் இருப்பதால், ஒரு பெயரில் கிடைக்கவில்லை என்றால் இன்னொன்றில் தேடிப் பாருங்கள்.

ஊர் சரியாக வந்தாலும் வேலை முடியவில்லை. அந்தப் பெயருக்கு ஆப் வைத்திருக்கும் புள்ளி பஸ் நிலையத்தில் இருக்கலாம். உங்கள் தோட்டம் அதற்கு 300 மீட்டர் கீழே இருக்கலாம். அதனால் வரைபடம் உள்ள ஆப்பில் உங்கள் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, புள்ளி வைத்து, "வீடு", "தோட்டம்" என்று பெயர் கொடுத்துச் சேமியுங்கள். வரைபடத்தில் புள்ளி வைக்க விடாத ஆப்பை மலைக்காரர் முதல் சுற்றிலேயே தள்ளிவிடலாம்.

"என் இருப்பிடத்தைத் தானாகக் கண்டுபிடி" என்ற வசதியையும் முழுக்க நம்ப வேண்டாம். ஜிபிஎஸ் அணைந்திருக்கும்போது போன் செல்போன் டவரை வைத்து இடத்தைக் கணிக்கும். மலையில் நம் போன் எதிர்மலையின் டவரைப் பிடித்திருப்பது சாதாரணம்.

4. உயரக் கணக்கைச் சரிபாருங்கள்

ஆப் காட்டும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கணிப்பது கணினி மாதிரிகளின் வழக்கம். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரிக்குச் சதுரம் சுமார் 9 கி.மீ. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரிக்குச் சுமார் 13 கி.மீ. 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய பாரத் முன்கணிப்பு முறைக்கு 6 கி.மீ. ஒவ்வொரு சதுரத்துக்கும் மாதிரி ஒரே ஓர் உயரத்தைத்தான் வைத்துக்கொள்ளும்.

குன்னூரிலிருந்து அடிவாரத்துக் கல்லாறு நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டர் சுற்றுதான். அதற்குள் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. கொடைக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் நடுவிலும் இதே கதை. அப்படி ஒரு சதுரத்துக்குச் சராசரி உயரம் எடுத்தால் அது ஊருக்கும் பொருந்தாது, அடிவாரத்துக்கும் பொருந்தாது.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். உங்கள் வீடு 1,850 மீட்டரில் இருக்கிறது, மாதிரி அதை 1,250 மீட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 600 மீட்டர். அப்படியானால் ஆப் கிட்டத்தட்ட 4 டிகிரி கூடுதலாகக் காட்டும். சில ஆப்கள் இந்த உயர வேறுபாட்டைத் தாங்களே கழித்துக் காட்டும், சில காட்டாது. மீட்டியோபுளூவில் இடப் பெயரோடு உயரமும் எழுதியிருக்கும். அதை நீங்கள் குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

உயரத்தைக் காட்டாத ஆப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நான்கைந்து நாள் காலை பதினொரு மணிக்கு ஆப்பின் எண்ணையும் உங்கள் வெப்பமானியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தினமும் 3 அல்லது 4 டிகிரி கூடுதல் என்றால் அந்த ஆப்பைத் தள்ள வேண்டாம். மனதில் 4 கழித்துவிட்டுப் படிக்கலாம். ஒருநாள் சரியாக, மறுநாள் 5 கூடுதலாக, அடுத்த நாள் 2 குறைவாக என்று ஆடினால்தான் தள்ள வேண்டும். ஒரே அளவில் தவறும் ஆப்போடு வாழலாம், நிலையில்லாமல் தவறுவதோடு முடியாது.

5. மூன்று வேலைக்கு மூன்று ஆப் எடுங்கள்

முதல் வேலை, அன்றாட முன்கணிப்பு. இதற்குப் பட்டியலில் சேர்க்கத் தகுந்தவை விண்டி, மீட்டியோபுளூ, நார்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு ஒளிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஒய்.ஆர்., அப்புறம் போனோடு வந்த வானிலை ஆப். விண்டியில் ஒரே புள்ளிக்கு ஐரோப்பிய மாதிரி, ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். எல்லாம் ஒன்றையே சொன்னால் நம்பிக்கை கூடும். ஆளுக்கொன்று சொன்னால் அன்றைக்கு எந்த ஆப்பையும் உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஒரு வசதிக்காகவே முதலில் விண்டியைப் போடச் சொல்வேன்.

இரண்டாவது, அரசு எச்சரிக்கை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம், விவசாயிகளுக்கான மேகதூத், இடி மின்னலுக்கான தாமினி, தமிழ்நாடு பேரிடர் மேலாண்மைப் பிரிவின் டிஎன் அலர்ட். இவற்றில் டிஎன் அலர்ட் எல்லோருக்கும் வேண்டும். சாகுபடி செய்பவர்கள் மேகதூத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே கோடை மழையில் வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்குத் தாமினி அவசியம். சுற்றிலும் 20, 40 கி.மீ. வட்டத்துக்குள் விழும் மின்னலைக் காட்டி எச்சரிப்பதுதான் அதன் வேலை.

மூன்றாவது, இப்போது வானத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க உதவும் செயற்கைக்கோள் படம். விண்டியிலேயே இது இருப்பதால் தனி ஆப் தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை. ஒன்றுக்கு மூன்று ஆப்பில் பார்த்தேன், மூன்றும் ஒன்றையே சொல்கிறது என்பார்கள். திரையின் அடியில் தரவு எங்கிருந்து வருகிறது என்று சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். சாம்சங் போனில் வரும் வானிலையும் வெதர் சேனல் ஆப்பும் ஒரே கம்பெனியின் தரவு. அங்கே இரண்டு ஆப் ஒத்துப்போனால் அதை இரண்டு சாட்சி என்று எண்ணக் கூடாது.

6. இரண்டு வாரம் சோதனை ஓட்டம்

பட்டியலில் மூன்று முன்கணிப்பு ஆப்களுக்கு மேல் வைக்காதீர்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு, மூன்றிலும் மறுநாள் பக்கத்தைத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்காமல் செய்வதுதான் இந்தப் படியின் பெரிய தவறு. ஆப்கள் தங்கள் கணிப்பை நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கும். மழை பெய்த பிறகு மாலையில் திறந்து பார்த்தால், "காலையிலேயே சொல்லியிருக்கிறதே" என்று தோன்றும். அது பெய்த பிறகு திருத்தப்பட்டதாக இருக்கலாம். முந்தைய இரவு சொன்னது என்ன என்பதுதான் கேள்வி.

கணிப்பில் சொன்ன நாள் முடிந்த மறுநாள் காலை 8.30 மணிக்குப் பாத்திரத்தை அளந்து நோட்டில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். ஏன் 8.30? வானிலைத் துறையின் ஒருநாள் மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. அதே நேரத்தில் அளந்தால் செய்தியில் வரும் பக்கத்து ஊர் அளவோடு உங்கள் அளவை நேராக ஒப்பிடலாம்.

மதிப்பெண் போடும்போது மி.மீ. துல்லியத்தைத் தேடாதீர்கள். 10 என்றது, 14 பெய்தது என்றால் அது நல்ல கணிப்பு. மூன்றை மட்டும் பாருங்கள்: பெய்யும் என்றதா, எந்த வேளையில் என்றது, லேசா கனமா. இவற்றில் தவறு இரண்டு வகை. பெய்யும் என்று சொல்லி ஏமாற்றுவது ஒன்று, சொல்லாமல் பெய்வது இன்னொன்று. தேயிலைக்குக் கொப்புள நோய் மருந்து அடிப்பவருக்கு இரண்டாவதுதான் நஷ்டம், மருந்தும் கூலியும் தண்ணீரில் போகும். சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி ஓட்டுபவருக்கு முதலாவது நஷ்டம், சவாரி ரத்தாகிவிடும். எந்தத் தவறு உங்கள் பிழைப்பைத் தொடுகிறதோ அதைக் குறைவாகச் செய்யும் ஆப்பை எடுங்கள்.

இரண்டு வாரத்தில் மழையே இல்லை என்றால் சோதனை முடிந்ததாக எண்ண வேண்டாம். மழை இல்லாத நாளில் எல்லா ஆப்பும் நூற்றுக்கு நூறு வாங்கும்.

7. மழை எண்களைப் படிப்பது

60 சதவீதம் மழை என்றால் நாளின் 60 சதவீத நேரம் பெய்யும் என்றோ ஊரின் 60 சதவீதப் பகுதியில் பெய்யும் என்றோ பொருள் இல்லை. அந்த இடத்தில், அந்த நேரத்துக்குள், அளக்கும்படியாக மழை விழ எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அது. மலையில் ஆகஸ்ட் மாதம் இந்த எண்ணால் பயன் குறைவு. கூடலூரை அடுத்த தேவாலா பக்கம் தினமும் 90 என்றே இருக்கும். அங்கே மணிவாரியாக மி.மீ. அளவைப் பாருங்கள். 90 சதவீதத்தோடு 1 மி.மீ. என்றால் தூறல், வேலை நடக்கும். 50 சதவீதத்தோடு 25 மி.மீ. என்றால் பெய்தால் கொட்டும் என்று அர்த்தம், தயாராக இருக்க வேண்டும்.

அரசு எச்சரிக்கையில் சொற்களுக்கு அளவு உண்டு. ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்பவை.

இந்த எச்சரிக்கை மாவட்ட அளவில் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. நீலகிரிக்கு ஆரஞ்சு என்றால் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, குன்னூர், கோத்தகிரி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தைத்தான் அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. கிழக்குச் சரிவில் அந்த அளவு இல்லவே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நிலைமை மாறி, குன்னூர், கோத்தகிரிச் சரிவுகள் மாட்டிக்கொள்ளும். எனவே எச்சரிக்கை வந்ததும், எந்தத் திசைக் காற்று என்று விண்டியில் பார்த்து, உங்கள் சரிவு அதற்கு முகம் காட்டுகிறதா முதுகு காட்டுகிறதா என்று பாருங்கள்.

கொடைக்கானல்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். அவர்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் வருகிறார்கள். மாவட்ட முன்கணிப்பில் வரும் வெப்பநிலை சமவெளிக்கும் சேர்த்துச் சொல்வது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் இருப்பவர்கள் மாவட்டப் பக்கத்தில் எச்சரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, வெப்பநிலைக்குத் தாங்கள் வைத்த புள்ளியைப் பார்ப்பதே சரி.

எதிர்ச்சரிவில் இருந்தாலும் சிவப்பு எச்சரிக்கையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மண்சரிவு சாலையில் விழும்போது உங்கள் வீட்டில் எவ்வளவு பெய்தது என்பதால் பயன் இல்லை. நீங்கள் போகும் வழியில் எவ்வளவு பெய்தது என்பதுதான் கணக்கு.

8. உறைபனிக்குத் தனியாக ஓர் ஏற்பாடு

நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகும். இதில் ஆப்கள் தவறுவது அதிகம். அதற்குக் காரணங்களும் தெளிவாக இருக்கின்றன.

ஆப் சொல்லும் வெப்பநிலை தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்துக் காற்றினுடையது. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரையும் இலையும் வானத்துக்கு வெப்பத்தை விட்டுவிட்டு அந்தக் காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடும். ஆப் 3 டிகிரி என்று காட்டும்போதே புல்லில் வெள்ளைப் படலம் படிந்திருக்கலாம்.

இன்னொன்று, குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் முதலில் உறைவது இதனால்தான். அதே இரவில் மேட்டில் இருக்கும் வீட்டில் உறைபனியே இருக்காது. மேலே போகப் போகக் குளிரும் என்ற நாலாம் படியின் கணக்கு இந்த இரவுகளில் தலைகீழாகிவிடும். 9 கி.மீ. சதுரத்துக்குள் இந்தப் பள்ளம் மேடெல்லாம் தெரியாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். குறைந்தபட்ச வெப்பநிலைக்கு அறிவிப்பு வைக்க விடும் ஆப்பில், எல்லையைப் பூஜ்ஜியத்தில் வைக்காமல் 5 டிகிரியில் வையுங்கள். அறிவிப்பு வந்த மாலையில் மூன்றைப் பாருங்கள்: இரவு மேகம் உண்டா, காற்று வேகம் எவ்வளவு, பனிப்புள்ளி (காற்றில் உள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு. மேகம் இல்லை, காற்று ஏறக்குறைய இல்லை, பனிப்புள்ளி பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கிறது என்றால் இருட்டும் முன்பே நாற்றுகளையும் இளம் தேயிலைச் செடிகளையும் காய்ந்த புல்லோ வலையோ போட்டு மூடிவிடுங்கள். மேகம் மூடியிருந்தால் அது போர்வையாக நிற்கும், 4 டிகிரி காட்டினாலும் பயம் குறைவு.

சோதனைக்கு இன்னொரு வெப்பமானியைத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், தரையை ஒட்டி வையுங்கள். வீட்டு வெப்பமானிக்கும் அதற்கும் வழக்கமாக எத்தனை டிகிரி வித்தியாசம் என்று ஒரு குளிர்காலத்தில் தெரிந்துவிடும். அந்த எண் எந்த ஆப்பிலும் கிடைக்காது.

9. ரேடார் படத்தை அளவோடு நம்புங்கள்

ரேடாரில் ஒன்றும் இல்லை, ஆனால் இங்கே தூறுகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். கொச்சி ரேடாரிலிருந்து ஊட்டி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 170 கி.மீ. ரேடார் கதிர் சற்று மேல்நோக்கிக் கிளம்புகிறது, போகப் போக பூமியும் கீழ்நோக்கி வளைகிறது. ஊட்டி வானத்தை அடையும்போது கதிர் கடல் மட்டத்திலிருந்து 3 கி.மீ.க்கு மேலே போய்விடும். அதற்குக் கீழே மலையை உரசிப் போகும் மேகமும் அது தரும் தூறலும் அதன் கண்ணில் படாது. கொடைக்கானலுக்கோ நடுவில் மூணாறு மலைகளே மறைத்து நிற்கின்றன.

பெரிய இடிமேகத்துக்கு ரேடார் உதவும், தூறலுக்கும் மேகமூட்டத்துக்கும் உதவாது. வழியில் மேகம் இறங்குமா என்று பார்க்க, ஆப்பில் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி ஒரு டிகிரிக்குள் வந்து, தாழ்மேகமும் காட்டினால், கொண்டை ஊசி வளைவுகளில் முன்வண்டி தெரியாது என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

10. போனில் செய்ய வேண்டிய அமைப்புகள்

ஆப்பைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் இது. அலகுகளை முதலில் மாற்றுங்கள்: செல்சியஸ், மி.மீ., கிலோமீட்டர். சில ஆப்கள் மழையை அங்குலத்தில் காட்டும். 0.5 என்பதைப் பார்த்துத் தூறல் என்று நினைப்பவர்கள் உண்டு, அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.

எச்சரிக்கை ஆப்களுக்கு மட்டும் அறிவிப்பைத் திறந்து வைத்து, மற்றவற்றுக்கு மூடுங்கள். "இன்று இனிய காலை" என்று தினமும் நாலு தடவை அதிர்ந்தால், சிவப்பு எச்சரிக்கை வரும் நாளிலும் பார்க்காமல் தள்ளிவிடுவீர்கள்.

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு அமைப்பு, பின்னணியில் ஓடும் ஆப்களைத் தூங்க வைத்துவிடும். எச்சரிக்கை ஆப்புக்கு அந்தக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஐபோனில் பின்னணியில் புதுப்பிக்கும் அனுமதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இடத்தை நீங்களே புள்ளி வைத்துச் சேமித்துவிட்டதால், முன்கணிப்பு ஆப்புக்கு "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற இருப்பிட அனுமதியே போதும். எப்போதும் பின்தொடரும் அனுமதியை வானிலை ஆப்களுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டாம், அதில் சேரும் தகவல் விளம்பர வியாபாரத்துக்குப் போக வாய்ப்பு உண்டு. பயணத்தில் எச்சரிக்கும் தாமினி, டிஎன் அலர்ட் போன்றவை வேறு, அவை நீங்கள் நிற்கும் இடம் தெரிந்தால்தான் பயன்படும்.

சிக்னல் போகும் பாதையில் கிளம்புவதற்கு முன் ஒருமுறை ஆப்பைத் திறந்து புதுப்பித்துவிடுங்கள். திரையில் "கடைசியாகப் புதுப்பித்த நேரம்" எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டாத ஆப் மலைக்கு ஆகாது.

பணம் கட்டும் பதிப்பு? சோதனை முடியும்வரை வேண்டாம். பணம் கட்டினால் விளம்பரம் போகும், படங்கள் கூடும். உங்கள் சரிவில் சரியாகச் சொல்லாத மாதிரி அதனால் திருந்திவிடாது.

11. கடைசியாக வாட்ச்

வாட்ச்களை இரண்டு வகையாகப் பிரித்தால் போதும். ஆப்பிள் வாட்ச், சாம்சங் கேலக்ஸி வாட்ச் போன்றவற்றில் வேண்டிய வானிலை ஆப்பை நிறுவலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த ஆப்புக்கு வாட்ச் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதை முகப்பில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம். கார்மினில் வானிலை போனில் உள்ள கார்மின் கனெக்ட் வழியாக வரும், அதன் கடையிலிருந்து வேறு ஆப்களையும் சேர்க்கலாம்.

இரண்டாவது வகை, விலை குறைந்த பல ப்ளூடூத் வாட்ச்கள். இவற்றில் வானிலை அந்தக் கம்பெனியின் சொந்த போன் ஆப்பிலிருந்துதான் வரும். இடத்தைப் புள்ளி வைத்து மாற்ற முடியாத வாட்சும் உண்டு. வாங்கும் முன் கடைக்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள்: வானிலைக்கான ஊரை நானே மாற்ற முடியுமா? முடியாது என்றால், அதன் வானிலைப் பக்கத்தை மறந்துவிட்டு, போனில் உள்ள எச்சரிக்கை ஆப்பின் அறிவிப்பு மட்டும் கைக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டும்போதும் இலை பறிக்கும்போதும் கை அதிர்ந்தால் போதும், மற்றதைப் போனில் பார்க்கலாம். சொல்லப்போனால் பெரும்பாலோருக்கு வாட்சில் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

காற்றழுத்தமானி உள்ள வாட்சில் புயல் எச்சரிக்கை என்ற வசதி இருக்கும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது கத்தும். மலையில் இதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் 100 மீட்டர் ஏறினாலே அழுத்தம் சுமார் 10 மில்லிபார் குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் வாட்ச், வானம் தெளிவாக இருக்கும்போதே புயல் என்று எச்சரிக்கலாம். பயணத்தில் அதை அணைத்துவிடுங்கள். ஒரே இடத்தில் தங்கியிருக்கும்போது, கூடாரத்திலோ தோட்ட வீட்டிலோ, அது உண்மையிலேயே உதவும். உயரத்தைத் தெரிந்த இடத்தில் சரிசெய்து வைப்பதும் அவசியம்.

வாட்ச் காட்டும் வெப்பநிலையையும் பிரித்துப் பாருங்கள். இணையத்தில் வந்ததா, வாட்சின் சொந்த உணரியா? உணரி என்றால் அது உங்கள் மணிக்கட்டின் சூட்டையும் சேர்த்து அளக்கும். கழற்றி நிழலில் அரை மணி நேரம் வைத்த பிறகு பார்க்கும் எண்தான் காற்றினுடையது.

12. பருவம் மாறும்போது மறுபடி பாருங்கள்

ஜூனில் நன்றாகச் சொன்ன ஆப் நவம்பரில் சொதப்பலாம். தென்மேற்குப் பருவத்தில் காற்று ஒரே திசையில் நாள்கணக்கில் அடிக்கும், மாதிரிகளுக்கு அது எளிது. கோடையில் மதியம் திடீரென்று கிளம்பும் இடிமழை எல்லா மாதிரிக்கும் கடினம். அதனால் ஜூன், அக்டோபர், டிசம்பர், ஏப்ரல் தொடக்கங்களில் ஆறாம் படியை ஒரு வாரமாவது திரும்பச் செய்யுங்கள்.

சேமித்த இடங்களையும் அப்போதே மாற்றுங்கள். மழைக்காலத்தில் வீட்டோடு நீங்கள் போகும் மலைப்பாதையின் நடுவில் ஒரு புள்ளியும் வேண்டும், குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு போல. பனிக்காலத்தில் அதை எடுத்துவிட்டுத் தோட்டத்தின் பள்ளத்தில் ஒன்று வைக்கலாம்.

போனை மாற்றினாலோ பெரிய அப்டேட் வந்தாலோ பேட்டரி அனுமதியும் அறிவிப்பு அனுமதியும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வாய்ப்பு உண்டு. அன்றைக்கே பத்தாம் படியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்களின் போனிலும் டிஎன் அலர்ட்டைப் போட்டு, மொழியைத் தமிழில் வைத்து, அறிவிப்புச் சத்தம் கேட்கிறதா என்று அவர்கள் முன்னாலேயே ஒருமுறை சோதித்துக் கொடுங்கள்.